இடது மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு

நான் ஓய்வு பெற்ற மாதத்தில் எங்கள் சான் ஹோசே அலுவலகத்துக்கு ஒரு புதிய மென்பொருள் வந்தது. இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும், நாம் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அதன் வடிவமைப்பில் உள்ள குறைகளை எழுதிக் கொடுத்துவிடும். எழுத்து சிறியது, பொத்தான் கண்ணில் படவில்லை, படம் வர நேரமாகிறது என்று எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்கிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் தீபா பிரிவு உபசார விருந்தில் என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, ஃபீட்பேக் வந்தா ஓபன் பண்றதுக்கு முன்னாடி நீங்க மட்டும் ஏன் கண்ணை மூடிக்கறீங்க? சாமி கும்பிடறீங்களா, தூங்கறீங்களான்னு டீம்ல பெட்டே கட்டியிருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் கணிதம் படித்தேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை பழகினேன். கல்யாணமாகி நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்து, கணவர் வேலை பார்த்த மருந்து நிறுவனம் வழியாக கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் இருந்தேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்த வேலை 2002-இல் தொடங்கியது.

அதைத் தொடங்கியவர் ஜமால் முகைதீன். காயல்பட்டினத்துக்காரர். இணைய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது அவருடைய வேலையும் போயிற்று. வேறு வேலை தேடி அலைந்துவிட்டு, ஒரு மளிகைக்கடையின் மாடியில் அறை எடுத்து, இணையதள வடிவமைப்புகளை விமர்சித்துத் தரும் சேவையை ஆரம்பித்தார். அவருடன் நானும் செந்திலும். செந்தில் ஈரோட்டுப் பையன், வடிவமைப்பாளன். அவன் மனைவி நர்ஸ். அவள் வழியாக அவனுக்கும் கிரீன் கார்டு வந்திருந்தது. எங்கள் மூவரில் கிரீன் கார்டு இல்லாதவர் முதலாளி மட்டும்தான்.

அவருடைய விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் நின்றது. மற்ற எல்லாம் முடிந்து, புலனாய்வுத் துறையின் பெயர் சரிபார்ப்பு மட்டும் பாக்கி; அதுவரை தற்காலிக வேலை அனுமதி உண்டு. நியூ யார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு அவருடையதைப் போன்ற பெயர்கள் அந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றன. கார்டு வந்தால் வீடு, இரண்டு பிள்ளைகளின் பள்ளி எல்லாம் நிலைக்கும். மறுத்துவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான். அவர் இதைப் பேசமாட்டார். அவர் மனைவி ஆமினா பேசுவார்.

காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் எனக்கு அது பழக்கம். செந்திலுக்குத்தான் முதல் நாள் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க்கா, இத்தனை பெரிய மனுசனைப் போயி காக்கான்னு கூப்புடறீங்க?" என்றான். கடைசிவரை அவனுக்கு அவர் அண்ணாதான்.

எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் தளம் வந்ததும் முதலில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நினைவில் நின்றதை எழுத வேண்டும். நினைவில் நிற்காதது தளத்தில் இல்லை என்று கணக்கு. அடுத்து, அங்கே வரும் ஒரு ஆளாக நம்மை நினைத்துக்கொண்டு ஒரு வேலையை முடித்துப் பார்க்க வேண்டும். கடைக்கு வழி கண்டுபிடிப்பது, ஒரு பொருள் வாங்குவது, புகார் சொல்வது. இதை வேகமான இணைப்பில் ஒருமுறையும், தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சுக் கீச்சென்று கத்தி ஏறும் பழைய இணைப்பில் ஒருமுறையும் செய்ய வேண்டும். பிறகு குறைகளை எழுதலாம். ஒரு குறைக்கு ஒரு வாக்கியம். அதில் எங்கே, என்ன, யாருக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். அடியில் எழுதியவரின் முழுப்பெயர் இருக்க வேண்டும். "ஒருத்தன் வீட்டைக் குறை சொல்றோம்னா நம்ம முகத்தைக் காட்டிட்டுத்தான் சொல்லணும்" என்பார்.

நான் எழுதிய முதல் விமர்சனம் ஒரு பூக்கடைத் தளத்துக்கு. "நிறங்கள் சரியில்லை" என்று ஆரம்பித்திருந்தேன். ஜமால் காக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாளைக் கண்ணருகில் பிடித்து, செய்தி வாசிப்பவரைப் போல மெதுவாக வாசித்தார்.

"நிறங்கள் சரியில்லை." தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா சரியில்ல?"

"பாக்கறவங்களுக்கு."

"நான் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே."

மறுபடி போய்ப் பார்த்தேன். கடையின் தொலைபேசி எண் வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்தது. வயதானவர்களால் அதைப் படிக்கவே முடியாது. அதை எழுதிக் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, "ம், இப்போ அந்தப் பூக்காரருக்கு ஒரு வேலை கிடைச்சுது" என்றார். அவர் பாராட்டு அவ்வளவுதான். கோபமும் அதே குரலில்தான் வரும். நான்கு வருடங்களில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் வாசிக்கத் தொடங்கினாலே நான் மனதுக்குள் வரிகளைத் திருத்த ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் சேவைக்கென்று ஒரு தளம் தயாரானது. செந்தில் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். வெண்ணெய் நிறப் பின்னணி, கருநீல எழுத்து. வெளியிட்டதும் ஜமால் காக்கா முதலில் சொன்னது: "ஊரார் தளத்துக்கெல்லாம் குறை சொல்றோம். முதல்ல நம்ம தளத்துக்குக் குறை வாங்கிட்டு வாங்க."

தெரிந்தவர்களிடம் கேட்டோம். ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் கேட்ட அத்தனை பேரும் "சூப்பரா இருக்கு" என்றார்கள். அதில் பாதிப் பேர் தளத்தைத் திறந்திருக்கவே மாட்டார்கள். ஒரு அங்கிள் மட்டும் யோசித்து, "கலர் நல்லா இருக்கும்மா. வருமானம் வருமா?" என்றார். இதைச் சொன்னதும் ஜமால் காக்கா சிரித்தார். "நம்ம ஆளுங்ககிட்ட குறை கேக்குறது, விருந்துக்கு வந்தவங்ககிட்ட பிரியாணில உப்பு சரியான்னு கேக்குற மாதிரி. ஏப்பம் விட்டுட்டு சூப்பர்னுதான் சொல்வாங்க. வெள்ளக்காரங்ககிட்ட கேளு."

வலைத்தள வடிவமைப்பாளர்கள் கூடிப் பேசும் ஒரு பொது விவாதக் களம் இணையத்தில் இருந்தது. அங்கே எழுதினோம்: புதிதாகத் தொடங்கியிருக்கிறோம், எங்கள் தளத்தைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் விமர்சியுங்கள்.

தயவுதாட்சண்யம் இல்லாமல்தான் வந்தது. ஆனால் வந்தவை பெரும்பாலும் ஒரே விஷயம். "கீழே இடது மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறதே, அது என்ன?" "என் திரையில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை." "என் மனைவியும் துடைத்தாள்." ஒருவர் திரைத் துடைப்பானின் விலையை எங்களிடம் கேட்டிருந்தார்.

நான் அந்தப் பொட்டை அதுவரை பார்க்கவில்லை. சோதனைப் பிரிவில் வளர்ந்த எனக்கு அது பெரிய அவமானம். ஜமால் காக்கா நாற்காலியைச் செந்தில் பக்கம் திருப்பினார்.

"என்னப்பா அது?"

செந்தில் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான்தானுங்கண்ணா வெச்சேன். பேஜ் அத்தனை அழகா வந்திருந்துச்சுங்க. பாப்பாவுக்கு என் வைஃப் கன்னத்துல வெப்பாளுங்க, அந்த மாதிரி... கண்ணு பட்டுருமில்லீங்க."

"திருஷ்டிப் பொட்டா?"

"ஆமாங்கண்ணா."

ஜமால் காக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பேஜ்ல அவ்வளவு இருந்தும் எல்லாக் கண்ணும் அந்தப் பொட்டு மேலேயே போய் விழுந்திருக்கே! வேலை செய்யுதுப்பா உன் பொட்டு! ஆனா எடுத்துரு. மத்த திருத்தத்தோட சேர்த்து நாளைக்கு எடுத்துரு."

மறுநாள் காலை நான்தான் முதலில் வந்தேன். விவாதக் களத்தைத் திறந்தேன். புதிதாக ஒரு பதிவு இருந்தது.

அதை எழுதியவர் எங்கள் பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்திருந்தார். அந்தப் பொட்டு அழுக்கும் இல்லை, பிழையும் இல்லை, வேண்டுமென்றே வைக்கப்பட்ட தனிப் படம் என்று கண்டுபிடித்திருந்தார். அதன் கோப்புக்குச் செந்தில் வைத்திருந்த பெயர் 'கண்ணுபடக்கூடாது'. ஆங்கில எழுத்துகளில் இடைவெளி இல்லாமல். "எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக் கோவை" என்று அவர் எழுதியிருந்தார். படங்களுக்குள் செய்திகளை ஒளித்து அனுப்புகிறார்கள் என்று பத்திரிகைகளில் வருகிறதே, இந்தத் தளம் யாருடையது என்று பாருங்கள் என்றும் எழுதியிருந்தார். ஒரு தளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவின் கீழே ஜமால் காக்காவின் முழுப்பெயர், வீட்டு முகவரி, வீட்டுத் தொலைபேசி எண். கடைசி வரி: "சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன்."

கணினியை அணைத்துவிட்டால் அந்தப் பதிவு இல்லாமல் போய்விடும் என்பதுபோல அணைக்கப் போனேன். அதற்குள் மாடிப்படியில் காலடி கேட்டது.

ஜமால் காக்கா நின்றபடியே திரையைப் பார்த்தார். வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பதிவையும் அதே குரலில் மெதுவாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார். தன் வீட்டு முகவரியையும் வாசித்தார். வாசித்து முடித்தபின் தேநீர் பிளாஸ்கைத் திறக்கப் பார்த்தார். மூடியைத் திருக முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

செந்தில் வந்ததும் ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தான். "இப்பவே தூக்கிடறேனுங்கண்ணா. ரெண்டு நிமிசம்."

"தொடாதே."

"அண்ணா?"

"நேத்து இருந்தது இன்னிக்கு இல்லைன்னா என்ன சொல்வான்? மறைச்சுட்டான்னு சொல்வான். அது அங்கேயே இருக்கட்டும்."

உரிமையாளரின் பேர் இப்படி இருந்தால், ஒரு பொட்டை எடுப்பது குற்றமாகவும் வைத்திருப்பது ஆபத்தாகவும் ஆகிவிடும் என்பதை அன்றுதான் கண்டேன். செந்தில் விவாதக் களத்தில் தன் பெயரில் விளக்கம் எழுதினான். குழந்தைக்குக் கன்னத்தில் பொட்டு வைக்கும் வழக்கத்தைச் சொன்னான். சிலர் சிரித்தார்கள், சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். களத்தை நடத்துகிறவர்கள் அந்தப் பதிவையே நீக்கினார்கள். ஆனால் அதற்குள் அந்த முகவரி வேறு இடங்களுக்குப் போய்விட்டிருந்தது.

அவர் வீட்டுக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். மூச்சு மட்டும் கேட்கும். சில நேரம் ஒரு வசைச்சொல், உடனே துண்டிப்பு. ஆமினா லாத்தா ஒருநாள் மளிகைக்கடைக்கு வந்தவர் மேலே ஏறி வந்தார். ஜமால் காக்கா வெளியே போயிருந்தார்.

"கோமதி, வீட்ல போன் அடிச்சா சின்னவ சோபாவுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்குறா. கார் நின்னா பெரியவன் 'உம்மா, ஹூ இஸ் இட்'டுன்னு என்னைக் கேக்குறான். எனக்கென்ன தெரியும் யாருன்னு? இவங்க என்னடான்னா யாரோட சைட்டுலயோ பட்டன் சின்னதா இருக்குன்னு எழுதிக்கிட்டு இருக்காங்க."

"காக்கா பயப்படலியா லாத்தா?"

"பயப்படாமயா, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு கதவைத் தள்ளிப் பாக்குறாங்க? அதை உங்ககிட்ட காட்டமாட்டாங்க."

என் வீட்டிலும் பேச்சு நடந்தது. என் கணவர், "உனக்கு எதுக்கு இந்த வம்பு? கொஞ்ச நாள் போகாம இரேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தெருவில் மெதுவாகப் போன ஒவ்வொரு காரையும் நானும் திரைச்சீலை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் மறுநாள் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் பயம் இன்னும் அதிகமாக இருந்தது, அதுதான் காரணம்.

ஒரு வியாழக்கிழமை அலுவலகத்துக்கு இரண்டு புலனாய்வு அதிகாரிகள் வந்தார்கள். முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். ஜமால் காக்காவின் குடிவரவு வழக்கறிஞர், "கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று சொல்லியிருந்தார். வந்தவர்களில் ஒருவர் நரைத்த தலை, மற்றவர் குறிப்பெடுக்கும் இளம்பெண். இருவரும் அட்டையைக் காட்டினார்கள், கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டார்கள், நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டார்கள். அந்த மரியாதை என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அந்தப் பொட்டு" என்றார் பெரியவர்.

செந்தில் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல நின்றான். பர்ஸிலிருந்து தன் குழந்தையின் புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தான். பொக்கை வாய், இடது கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. பெரியவர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது அலங்காரமா?"

"நோ சார்" என்றான் செந்தில். ஆங்கிலத்தில் சொல் தேடித் திணறினான். கடைசியில் கிடைத்தது. "திஸ் இஸ் ஆன்ட்டி வைரஸ், சார்."

குறிப்பெடுத்த பெண் குனிந்து சிரிப்பை அடக்கினாள். பெரியவர் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்து, குழந்தை அழகாக இருக்கிறது என்றார். செந்தில் அதை வாங்கிய வேகத்தில் உள்ளே வைத்துக்கொண்டான். பொட்டின் விவகாரம் அத்தோடு முடிந்தது. நான் மூச்சு விட்டேன்.

"நன்றி. நீங்கள் இருவரும் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா?" என்றார் பெரியவர்.

நானும் செந்திலும் கீழே மளிகைக்கடை வாசலில் நின்றோம். பொட்டைப் பற்றிக் கேட்க வந்தவர்கள், பொட்டு முடிந்தபின் எதற்கு இருக்கிறார்கள்? செந்தில் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். "வெச்சவன் நானுங்க. என்னைய ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டாங்க. அண்ணாகிட்ட இத்தனை நேரம் என்னதான் பேசறாங்க?" எனக்குப் பதில் தெரியும். அவனுக்கும் தெரியும். கடைக்காரர் இரண்டு முறை வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். வெயில் சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது.

உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை ஜமால் காக்கா பிறகு சில வாக்கியங்களில் சொன்னார். எந்தப் பள்ளிவாசல், ஊருக்கு யாருக்கு போன் செய்கிறீர்கள், தம்பி துபாயில் என்ன வேலை செய்கிறார், வீட்டில் யார் வந்து தங்கினார்கள். எல்லாம் மரியாதையாக. அதே கேள்விகள் வேறு வேறு வரிசையில் திரும்பி வந்தனவாம்.

எங்களை மேலே கூப்பிட்டபோது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கதவருகில் நின்று, ஞாபகம் வந்ததுபோலத் திரும்பினார்.

"நீங்கள் கருத்து கேட்டிருந்தீர்களே. எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. உங்கள் தளத்தில் உங்கள் பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. பதிவேட்டில் தேடி வீட்டு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எதையோ மறைக்கிறவர்கள் மாதிரி இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்க ஒரு எண் இருந்திருந்தால் யாராவது முதலில் உங்களையே கேட்டிருக்கலாம்."

அவர் கேலி செய்யவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

வாடிக்கையாளர்கள் அத்தனை பேரிடமும் எண்ணைப் பெரிதாகப் போடச் சொல்கிறவர்கள் நாங்கள். எங்கள் தளத்தில் எண் இல்லாததற்குக் காரணம் மூவருக்கும் தெரியும். வேண்டாம் என்று ஆமினா லாத்தா கெஞ்சியிருந்தார். விமர்சனங்களின் அடியில் முழுப்பெயர் போடுகிற மனிதர், தளத்தின் முகப்பில் மட்டும் போடாமல் விட்டது அதனால்தான்.

ஜமால் காக்கா உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். எங்களுக்குச் சொல்வதுபோல எழுதினார். "எங்கே? எல்லாப் பக்கத்திலும். என்ன? பேரும் எண்ணும் இல்ல. யாருக்கு..." பென்சில் நின்றது. பிறகு, "நமக்கு" என்று எழுதினார்.

அன்று மாலை அவர் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னையும் உட்கார வைத்துத்தான் ஆமினா லாத்தா பேசினார்.

"பேரைப் போட்டு, நம்பரையும் போடப் போறீங்களா? இருக்குற போன் பத்தாதா? கார்டு அங்க தொங்கிக்கிட்டு இருக்கு. புள்ளைங்க படிப்பு பாதியில இருக்கு. கொஞ்ச நாள் பேர் தெரியாம இருந்தா என்ன கெட்டுப்போவுது?"

"பேர் தெரியாமதானே இருந்தோம் ஆமினா. என்ன ஆச்சு?"

ஆமினா லாத்தா என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோமதி, உன் பேரைப் போட்டுக்கட்டுமாம்மா? உன் பேருக்கு யாரும் வரமாட்டாங்க. நம்பரும் உன் பேர்ல வாங்கிக்கலாம். கார்டு வர்ற வரைக்கும்தான்."

நான் சரி என்றேன். சொல்லும்போதே என் தெருவும் என் வாசலும் கண் முன் வந்து போயின.

"வேண்டாம்" என்றார் ஜமால் காக்கா. அதே குரல். "அவ பேரு இருந்தா அவளைத்தான் கேப்பாங்க. அவளுக்கென்ன தெரியும் என்னைப் பத்தி?"

ஆமினா லாத்தா என் கையை விட்டார். எனக்கு வந்த நிம்மதியை மறைக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குத் தனியாக ஒரு தொலைபேசிக் கருவியும் எண்ணும் வாங்கினோம். முகப்பில் ஜமால் முகைதீன் என்ற பெயரும் எண்ணும் கருநீலத்தில், வயதானவர்களும் படிக்கும் அளவில் ஏறின. நிறுத்தி வைத்திருந்த பொட்டை எடுக்க அவர் செந்திலை மறுபடி அனுமதித்தது அன்றைக்குத்தான். ஏற்றிவிட்டு மூன்று பேரும் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது அடித்தபோது செந்தில் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஜமால் காக்கா எடுத்துத் தன் முழுப்பெயரைச் சொன்னார். மறுமுனையில் சத்தம் இல்லை. அவர் காத்திருந்தார். "நான் இங்கேதான் இருக்கிறேன், நிதானமாகப் பேசுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சற்று நேரத்தில் வைத்துவிட்டார்கள். அடுத்த அழைப்பு டெக்சாஸிலிருந்து, குதிரைச் சேணம் விற்கும் ஒரு அம்மாள். தன் தளத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். இரண்டு வகை அழைப்புகளும் ரொம்ப நாள் மாறி மாறி வந்தன. எடுத்துப் பேசும்வரை எது எந்த வகை என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் கண்ணை ஒரு கணம் மூடிவிட்டு எடுக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது, தீபா.

நான்கு வருடம் அந்தச் சேவை நடந்தது. பிறகு ஜமால் காக்கா ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்குப் போனார், செந்தில் தனியாகக் கடை போட்டான், நான் கணவரின் மாற்றலோடு சான் ஹோசே வந்து மறுபடி சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். இத்தனை காலமும் அவர் கார்டு வரவில்லை. வழக்கறிஞர் எழுதிக் கேட்கும்போதெல்லாம் 'பெயர் சரிபார்ப்பு நிலுவையில்' என்றே பதில் வந்தது. இடையில் அவருடைய உம்மா காயல்பட்டினத்தில் இறந்துபோனார். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று வழக்கறிஞருக்கே உறுதி இல்லை. அவர் போகவில்லை. அவர் மகன் தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

2008-இல் ஒரு கல்யாணத்துக்காக நியூ ஜெர்சி போயிருந்தபோது அவரே கூப்பிட்டார். "வந்துருச்சும்மா. வீட்டுக்கு வா."

போனேன். ஆமினா லாத்தா அடுக்களையில் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்துகொண்டிருந்தார். பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் முணுமுணுத்து நான் கேட்டதே இல்லை. ஜமால் காக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கார்டை என்னிடம் நீட்டினார். தலை முழுக்க நரைத்திருந்தது.

கார்டை வாங்கிப் பார்த்தேன். என்ன செய்ய, வேலைப் பழக்கம், முதலில் பெயரைத்தான் வாசித்தேன். முகைதீன் என்பதன் ஆங்கில எழுத்துகளில் நடுவில் ஒன்று இல்லை. அவருடைய பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து உண்டு. ஓட்டுநர் உரிமத்திலும் உண்டு. எங்கள் தளத்தின் முகப்பில் அத்தனை வருடமும் இருந்தது. இதைத் திருத்த வேண்டுமென்றால் கார்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது போன இடத்திலிருந்து இன்னொன்று வரும்வரை கையில் எதுவும் இருக்காது.

தலை நிமிர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது.

ஆமினா லாத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன ரெண்டு பேரும் அப்படிப் பாக்குறீங்க? ஏதாச்சும் தப்பா இருக்கா?"

அவர் கேட்ட குரலில் அந்த ஆறு வருடமும் இருந்தது. ஜமால் காக்கா என் கையிலிருந்து கார்டை வாங்கினார். பர்ஸைத் திறந்து, பெயர் உள்பக்கம் போகும்படி செருகினார்.

"நல்லா இருக்கு ஆமினா" என்றார்.

லாத்தா என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு லாத்தா" என்றேன் நானும்.